வேர்த்த பிறகுதான் கொள்ளு

சமையலறையில் கொள்ளு வேகிறது.

மருமகள் ரசம் வைக்கப் போகிறாள். இதய அறுவை முடிந்து வந்தவர்களுக்குக் கொள்ளு நல்லது என்று அவளுடைய கைப்பேசியில் ஒருவர் சொல்கிறார். கூடவே கூடாது என்று இன்னொருவர் சொல்கிறார். நல்லது என்பவருக்குப் பார்ப்பவர்கள் அதிகம். அதனால் அவர் கட்சி எங்கள் வீட்டில் ஆட்சிக்கு வந்திருக்கிறது. நான் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. காலமெல்லாம் அரசு ஊழியனாக இருந்தவனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

ஆனால் குக்கரைத் திறந்ததும் அந்த வாசனை கூடம் வரை வந்தது. ஈரச் சாக்கு, மண், கொஞ்சம் வியர்வை. நாற்காலியை விட்டு எழுந்து கொல்லைப் பக்கம் போகத் திரும்பிவிட்டேன். தஞ்சாவூரில் மூன்றாவது மாடியில் இருக்கும் வீட்டுக்குக் கொல்லை கிடையாது. பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அங்கே குதிரை இருக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பிறகு பேனாவை எடுத்தேன்.

தினமும் காலையில் என்னை நடக்க வைக்க ஒரு பெண் வருகிறாள். பயிற்சி கொடுப்பவள். சின்ன வயது, கையில் ஒரு அட்டை. முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம். அடுத்த வாரம் தெருவில் பத்து நிமிடம், சமதரை மட்டும். அதற்கடுத்த வாரம் கொஞ்சம் மேடு. நடந்து முடித்ததும் உட்கார்ந்து மூச்சு அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். நேற்று நன்றாக இருந்தது என்பதற்காக இன்று கூட்டக் கூடாது. கனமான எதையும் தூக்கக் கூடாது. அட்டையை முழுவதும் படித்துவிட்டு, "லாடம் எப்பம்மா மாத்தணும்?" என்று கேட்டேன்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல."

அந்த அட்டையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அப்போது அது அட்டையில் இல்லை, உன் வாயில் இருந்தது.

வலங்கைமான் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை நீயும் நானும் ஒரே பெஞ்சு. பிறகு நீ உன் அப்பாவின் குதிரை வண்டிக்குப் போனாய், நான் ஆறாம் வகுப்புக்குப் போனேன். இதில் யார் முன்னேறினார்கள் என்பது பற்றி நமக்குள் கடைசி வரை கருத்து வேறுபாடு இருந்தது. நான் நில உச்சவரம்புப் பிரிவில் குமாஸ்தா ஆனேன். ஆட்சி மாறியபோது எங்கள் அலுவலகத்தில் மாறியது சுவரில் இருந்த படங்கள்தான். ஆணி பழையதுதான். ஒரு குடும்பம் இத்தனை ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்ததும் நம் பக்கத்து மிராசுதார்களுக்கு உறவினர்கள் பெருகினார்கள். சமையல்காரர், கோயில் மணியடிப்பவர், இன்னும் பிறக்காத பேரன் என்று பலர் பேரில் நிலம் இருந்தது. அந்தக் காகிதங்களுக்கு எண் போட்டுக் கயிறு கட்டுவது என் வேலை.

"எங்க மந்திரிக்கு ரேகை வைக்க விரல் இல்ல. இருந்திருந்தா அவனும் இன்னிக்கு அஞ்சு ஏக்கர் பட்டாதாரு," என்று நீ சொன்னாய்.

மந்திரி உன் குதிரை. தின்றுவிட்டு நிற்பதைத் தவிர அது முதலில் எதுவும் செய்யவில்லை என்பதால் அந்தப் பெயர். ஒரு நாள் நிஜ மந்திரி ஒருவர் ஊருக்கு வந்தார். அன்று பார்த்துக் கடைத்தெருவில் நீ, "மந்திரி, ஓரமாப் போ, எருமை வருது பாரு," என்று குரல் கொடுத்தாய். ஒரு போலீஸ்காரர் வந்து, இன்று ஒரு நாளைக்கு மட்டும் குதிரையை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடும்படி கேட்டுக்கொண்டார். "இவன் பேர மாத்துனா திரும்பிப் பாக்கமாட்டான் சார். வேணும்னா அவரக் கேட்டுப் பாருங்க," என்றாய். உன்னை உள்ளே தள்ள ஒரு சந்தர்ப்பம் கிடைக்காதா என்று அந்தப் போலீஸ்காரர் அன்றிலிருந்து காத்திருந்திருக்கலாம். கிடைத்தது.

அந்தத் தை மாதம் அறுவடைக்கு ஆள் இறங்கவில்லை. கூலி உயர்த்தினால்தான் அரிவாள் என்று கூலியாட்கள் தெருவில் முடிவெடுத்திருந்தார்கள். நம் ஊர் மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார். வரப்பில் தள்ளுமுள்ளு, ஒருவருக்கு மண்டை உடைந்தது, ஊர் முழுக்கப் போலீஸ். சங்கத்துக்காரர்கள் இருவரையும் ஒரு கட்டுக் கொடியையும் நீ உன் வண்டியில் ஏற்றிப் போனதாக மிராசுதாரின் புகாரில் எழுதியிருந்தது. ஏற்றினாய்தான். அதற்கு முந்தின வாரம் மிராசுதாரின் மாப்பிள்ளையையும் அதே வண்டியில்தான் ஏற்றினாய். அதை யாரும் புகாராக எழுதவில்லை.

உன்னைப் பிடித்துக்கொண்டு போன அன்று தங்கச்சி கைக்குழந்தையோடு அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். தங்கச்சி என்றால் உன் மனைவிதான். அவளை வேறு எப்படியும் நான் கூப்பிட்டதில்லை. மந்திரியை நான் ஓட்டிக்கொண்டு வந்து என் வீட்டுக் கொல்லையில் கட்டினேன்.

நாற்பது நாள். அந்த நாற்பது நாளும் ஒரு அரசு ஊழியன் தன் வாழ்நாளில் காட்டாத கடமையுணர்ச்சியை நான் அந்தக் குதிரையிடம் காட்டினேன். ஒரு நாள் தவறாமல் கொள்ளு ஊறவைத்தேன். நீ வேலை நாளில் கொடுக்கிற அதே அளவு. சில நாள் நீ இல்லாத குறைக்காக ஒரு கை கூடுதலாக. நடுநடுவே வெல்லம். அது நாள் முழுக்க நின்றது, தின்றது. அலுவலகம் விட்டு வந்ததும் அதனிடம் உன்னைப் பற்றிப் பேசுவேன். நல்ல தமிழில்தான் பேசினேன், அதற்கு "ஹை" தவிர வேறு சொல் தெரியாது என்பது நினைவில்லாமல். பெரிய கண்ணால் பார்த்துக்கொண்டே மெல்லும். ஊரில் அப்போது நான் சொன்னதை முழுக்கக் கேட்ட ஒரே ஜீவன் அதுதான்.

மாசியில் ஒரு முற்பகலில் நீ திரும்பி வந்தாய். சட்டை பெரிதாகியிருந்தது. உள்ளே இருந்த நீதான் குறைந்திருந்தாய் என்பது கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. தோளில் ஒரு காயம் ஆறிக்கொண்டிருந்தது. என்னவென்று கேட்டேன். "விழுந்துட்டேன்," என்றாய். எங்கே என்று கேட்கவில்லை. சில இடங்களில் எல்லோரும் விழுகிறார்கள்.

நேரே கொல்லைக்குப் போனாய். மந்திரி பளபளவென்று நின்றது. நீ பாராட்டுவாய் என்று நான் பக்கத்தில் நின்றேன்.

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

"நல்லாத்தானே இருக்கு?"

"மறுவீட்டு விருந்துக்கு வந்த மாப்பிள்ளையாட்டம் இருக்கு. தெனம் கொள்ளு வச்சியா?"

"ஒரு நாள் விடல."

நீ திட்டவில்லை. அதன் பின்தொடையைக் கையால் அமுக்கிப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். "இதுல ஒரு ஆள ஏத்தி நாளைக்கு ஓட்டுனேன்னு வையி, அரை மைல்ல இவன் கல்லாப் போயிடுவான். எங்க அப்பாகிட்ட ஒரு குதிர இருந்துச்சு. அம்மை போட்டு அவரு பத்து நாள் படுத்திருந்தாரு. எங்க அம்மா பாவம் பாத்து முழுக் கொள்ளு வச்சுது. பதினோராம் நாள் வண்டியக் கட்டுனாரு. பின்னாடி ரெண்டு காலும் பூட்டிக்கிச்சு. மூத்திரம் கடுங்காப்பி மாதிரி போச்சு. எந்திரிக்கவேயில்ல."

பிறகு அந்தச் சட்டத்தைச் சொன்னாய். எங்கள் அலுவலகச் சட்டங்களில் இல்லாத இரண்டு குணங்கள் அதற்கு இருந்தன. சுருக்கமாக இருந்தது. விதிவிலக்கும் இல்லை. "வேர்த்த பெறகுதான் கொள்ளு. வேர்க்கலன்னா புல்லு."

அன்றே கொள்ளை நிறுத்தினாய். மறுநாள் லாடம் அடிப்பவரைக் கூட்டிவந்து, வளர்ந்து கிடந்த குளம்பைச் சீவி லாடத்தை மாற்றினாய். வண்டியைத் தொடவே இல்லை. வெறும் பிடிகயிற்றோடு காலையில் குடமுருட்டி ஆற்றங்கரை வரை நடை, அவ்வளவுதான். மூன்று நாள் கழித்துக் கொஞ்சம் தூரம் கூட்டினாய். ஒரு வாரம் போனதும் வெறும் வண்டி. சேணம் போடும்போது நாற்பது நாள் சதையில் அது இறுக்கியது. பட்டையை இரண்டு துளை தளர்த்தி, உரசும் இடத்தில் பழைய வேட்டியை மடித்து வைத்தாய். தினமும் காலையில் நான்கு காலையும் தடவி எங்கேயாவது சூடு இருக்கிறதா என்று பார்த்தாய். பாலத்து மேட்டில் ஏற்றவே இல்லை. அலுவலகம் போகுமுன் நானும் கூட நடப்பேன். ஒரு நாள் கயிற்றை என்னிடம் கொடுத்தாய்.

"தாடை உயரத்துல பிடி. இழுக்கவும் கூடாது, விடவும் கூடாது. நீ இருக்கன்னு அதுக்குத் தெரிஞ்சா போதும்."

வீட்டில் அரிசி இல்லை என்பது எனக்குத் தெரியும். வண்டி ஓடினால்தான் உலை. சவாரிக்கு ஆட்கள் வந்து கேட்டார்கள். "மந்திரி இன்னும் பதவி ஏத்துக்கல," என்று சொல்லி அனுப்பினாய்.

ஒன்றைக் கவனித்தேன். கவனித்ததை வெகுநாள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். ஆற்றங்கரை அரசமரத்தடி வந்ததும் தினமும் நிறுத்துவாய். "அதுக்கு மூச்சு வாங்குது. செத்த நிப்போம்." நான் மந்திரியின் விலாவைப் பார்ப்பேன். அது நிதானமாகத்தான் இருக்கும். நீ மரத்தில் கை ஊன்றி, முகத்தை ஆற்றின் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பாய். குதிரையைப் பற்றி உனக்குத் தெரியாததா என்று நானும் நிற்பேன். நாற்பது நாள் கட்டிப்போட்டிருந்தது இரண்டு பேரை. ஒருவனுக்குத்தான் சட்டம் போட்டாய்.

தங்கச்சி திரும்பி வந்திருந்தாள். நீ உயிரோடு வந்தால் பங்குனித் திருவிழாவில் உன்னைப் பாடைக்காவடி எடுக்க வைப்பதாக அம்மனுக்கு வேண்டியிருந்தாள். சாகக் கிடந்து பிழைத்தவர்களைப் பிணம் போலவே பாடையில் படுக்க வைத்து, தூக்கிக் கோயிலைச் சுற்றி வருவது நம் ஊர் வழக்கம். அதற்கு மூங்கில் வெட்டிக் கூரையில் செருகியிருந்தாள். "நல்ல வேண்டுதல். நடக்க வேணாம், படுத்துக்கிட்டே போவலாம். மந்திரிக்கும் சேத்து வேண்டியிருக்கலாம்," என்றாய். அவள் கரண்டியை எறிந்தாள். உன் மேல் படாமல் எறிவதில் அவளுக்கு நல்ல பழக்கம்.

இனி நான் சொல்லப் போவதை உன்னிடம் சொல்லாமலே இவ்வளவு காலம் வைத்திருந்தேன்.

பங்குனி பிறந்து சில நாள் ஆகியிருந்தது. உனக்குத் தஞ்சாவூரில் வாய்தா. தங்கச்சியும் உன்னோடு போனாள். மந்திரியை உன் வீட்டுக் கொட்டிலிலேயே என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனாய். "இன்னிக்கு நடை கெடையாது. அதனால கொள்ளும் கெடையாது. புல்லு, தண்ணி. புரியுதா?"

"புரியுது."

"எழுதிக்க. ஆபீஸ்காரங்க எழுதி வச்சாத்தான செய்வீங்க."

அன்று எனக்கு விடுமுறை. மந்திரி என்னைப் பார்த்தது. நீ இல்லாத நாற்பது நாளும் அதே நேரத்துக்கு நான் கொள்ளு வைத்தவன். இப்போது நீ மறுபடியும் இல்லை. அதே நேரம். காலால் தரையைத் தட்டியது. புல்லை மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. நீ மறுபடி பிடிபட்டுவிட்டாய் என்று அது நினைக்கிறது என்று எனக்குத் தோன்றியது. குதிரை அப்படியெல்லாம் நினைக்குமா என்று இப்போது கேட்கலாம். அன்று அப்படி நினைத்தது குதிரை இல்லை, நான். வாய்தாவுக்குப் போனவர்களை அங்கேயே நிறுத்திக்கொள்வதை அலுவலகத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் கொள்ளை ஊறவைத்தேன். வெந்ததை ஆறவைத்தேன். வைத்தேன். முழு அளவு. அது மூக்கால் என் தோளை இடித்தது. அந்த நாற்பது நாளுக்குப் பிறகு முதல் தடவையாக நிம்மதியாக உட்கார்ந்தேன்.

சாயங்காலம் நீங்கள் திரும்பி வந்தீர்கள். தொட்டியை நான் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் உன் வீட்டுக்கு நான் வந்தபோது நீ குச்சியை வைத்துக்கொண்டு மந்திரி போட்ட லத்தியைக் கிளறிக்கொண்டிருந்தாய். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல," என்று குச்சியைத் தூரப் போட்டாய். "இன்னிக்கு வண்டி வேணாம். சும்மா கொஞ்சம் நடத்திட்டு வருவோம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய்.

நீ திரும்பி வருவதற்குள் வயல் பக்கமிருந்து ஆள் ஓடிவந்தது. கட்டுத் தூக்கப் போன பெண்ணைப் பாம்பு கடித்துவிட்டது. கணுக்காலுக்கு மேலே துணி கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முந்தின நாள் எங்கேயோ கல் எறிந்ததால் அந்தத் தடத்தில் பஸ் வரவில்லை. கும்பகோணம் பெரிய ஆஸ்பத்திரியில்தான் ஊசி. ஆறு மைல்.

அவளுடைய புருஷன் உன்னைத்தான் பார்த்தான். நீ மந்திரியைப் பார்த்தாய். இப்போது யோசித்தால் அந்தப் பார்வை கொஞ்சம் நீண்டுதான் இருந்தது. பிறகு வண்டியைக் கட்டினாய்.

அவளை மட்டும் உள்ளே படுக்கவைத்தாய். நீயும் ஏறவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாய். அவள் புருஷனும் நானும் பின்னால். குதிரை நடந்தது. வெறும் நடை. முதல் மைலில் நான் பொறுமையாக இருந்தேன். இரண்டாவது மைலில் அவள் கண்ணிமை சரிய ஆரம்பித்தது. திறக்கப் பார்க்கிறாள், முடியவில்லை.

"ஓட விடுடா," என்றேன்.

"நடக்கட்டும்."

"உசிரு போயிட்டிருக்கு. நீ குதிரைக்குப் பாவம் பாக்கற?"

நீ கயிற்றைத் தாடை உயரத்திலேயே பிடித்துக்கொண்டு நடந்தாய்.

"உன் உபதேசத்த வேற யாருக்காவது பண்ணு. உனக்குக் குதிரதான் பெரிசு, மனுசன் இல்ல."

அந்த வார்த்தையை நான் சொன்னேன். அவள் புருஷன் அழுதுகொண்டே கூட வந்தான். அவளுக்கு வாயோரம் நீர் வழிந்தது. நீ அதைப் பார்த்தாய், கயிற்றைத் தளர்த்தினாய், "ஹை," என்றாய். மெதுவாகத்தான் சொன்னாய். மந்திரி ஓடியது.

அரை மைல்தான். முதலில் பின்கால் வீச்சு குறுகியது. பிறகு கழுத்தெல்லாம் வேர்வை கொட்டியது, அந்தக் காலைக் காற்றில். தொடை நடுங்கியது. நீ உடனே நிறுத்திவிட்டாய். சாட்டை உன் கையிலேயே இல்லை. தொடையில் கை வைத்தாய், என்னையும் வைக்கச் சொன்னாய். மரம் மாதிரி இருந்தது.

வரப்பில் நின்ற பெரியவரைக் கூப்பிட்டாய். "இவன அவுத்து விட்டுட்டுப் போறேன். தண்ணி கேட்டா குடுங்க. இந்தச் சாக்க முதுகுல போட்டு வைங்க. ஒரு அடி நகத்தாதீங்க. யாரு வந்து சொன்னாலும் அடிச்சு நடக்க வைக்காதீங்க." பெரியவர் தலையாட்டினார். நீ குதிரையைக் கழற்றினாய். வண்டியின் முன்னால் நீண்டிருந்த இரண்டு மரக்கைகளுக்கும் நடுவில் அது நின்ற இடத்தில் நீ போய் நின்றுகொண்டாய்.

நான் வருகிறேன் என்றேன். "பேனா புடிச்ச தோளு. பின்னால தள்ளு," என்றாய். அவள் சரிந்துகொண்டிருந்ததால் அவள் புருஷனை உள்ளே ஏறிப் பிடித்துக்கொள்ளச் சொன்னாய். ஆக, இரண்டு பேர் பாரம். அதை நீ இழுத்தாய். பின்னாலிருந்து உன் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. ஆறாத தோள் காயத்தின் மேல் மரம் அழுந்தியது. ஒரு மைலுக்கு மேல் இருக்கும். நீ ஓடவில்லை, நிற்கவும் இல்லை. அரசமரம் எதுவும் வழியில் இல்லை.

பெரிய ரோட்டில் நெல் லாரி ஒன்று வந்தது. யாருடைய லாரி என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊரில் லாரி வைத்திருந்தவர் ஒருவர்தான், உன் மேல் புகார் எழுதியவர். ஓட்டியவர் யாரையும் கேட்காமல் அவளை மூட்டைகளுக்கு நடுவில் ஏற்றிக்கொண்டு போனார். அவள் பிழைத்தாள். பேரன் பேத்தி எடுத்தாள். அவளுக்கு இன்னும் கால் கொஞ்சம் மரத்திருக்கிறது என்று கேள்வி.

நீ மைல்கல்லில் உட்கார்ந்தாய். உதடு வெளுத்திருந்தது. "மூச்சு அடங்கட்டும்," என்றாய். அன்று முதல் முறையாக அது யாருடைய மூச்சு என்று நீ சொல்லவில்லை. பிறகு எழுந்து மந்திரியிடம் திரும்பி நடந்தாய். வெயில் ஏறும் வரை அதன் பக்கத்திலேயே நின்று தொடையைத் தடவிக்கொண்டிருந்தாய். மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார். மறுநாள் அது தானாக ஒரு அடி எடுத்து வைத்தது. நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "பதவி தப்பிச்சுது."

மூன்றாம் நாள் காலை புல்லைப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இதயம் என்று டாக்டர் சொன்னார். உனக்கு வயது முப்பத்திரண்டு. எனக்கும் அப்போது அதே வயதுதான். இப்போது அதைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டேன், ஒரு நியாயமும் இல்லாமல்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. கூரையில் செருகியிருந்த அந்த மூங்கிலைத்தான் எடுத்தார்கள். வேறு மூங்கில் தேட யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு மந்திரியை வேலைக்குக் கொண்டுவந்தது நான். தங்கச்சிக்கும் குழந்தைக்கும் அந்த வண்டிதான் இருந்தது. வாரக்கணக்கில் நிற்கவிட்டேன். பிறகு பிடிகயிற்றோடு ஐந்து நிமிடம். பிறகு பத்து. காலைத் தடவிச் சூடு பார்த்தேன். பட்டைக்குள் உன் வேட்டியை மடித்து வைத்தேன். அது கெஞ்சியது, தரையைத் தட்டியது, என் தோளை இடித்தது. வேர்க்காமல் ஒரு பிடி கொள்ளு நான் வைக்கவில்லை. ஊரில் என்னைக் கல்நெஞ்சுக்காரன் என்றார்கள். அது தாமதமாக வந்த பட்டம். மூன்று மாதம் கழித்து மந்திரி பாலத்து மேட்டில் இரண்டு ஆளோடு ஏறியது. தங்கச்சியின் தம்பி வண்டியை எடுத்துக்கொண்டான். குதிரை அதன் பிறகு வெகுகாலம் ஓடியது, ஒரு நாளும் பூட்டிக்கொள்ளாமல்.

அந்தக் கொள்ளு விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அலுவலகத்தில் எத்தனையோ பேருடைய பொய்க் காகிதத்துக்கு எண் போட்டிருக்கிறேன். என்னுடைய ஒன்றே ஒன்றை எண் போடாமல் உள்ளே வைத்திருந்தேன்.

போன வாரம் தங்கச்சி வந்திருந்தாள். ஒரத்தநாட்டில் மகள் வீட்டில் இருக்கிறாள். கால்நடைக் கல்லூரியில் மகளுக்கு வேலை, உனக்குப் பிடித்திருக்கும். என் ஆபரேஷன் கேள்விப்பட்டுச் சாத்துக்குடியோடு வந்தாள். தலை முழுக்க வெள்ளை. கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பெரிய நோயிலிருந்து எழுந்தவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிடுகிறது போல. சொல்லிவிட்டேன். வாய்தா நாள், கொள்ளு, கழுவிக் கவிழ்த்த தொட்டி, எல்லாம்.

அவள் தோலுரித்துக்கொண்டிருந்த சாத்துக்குடியை நிறுத்தவில்லை.

"அது தெரியும்ண்ணே."

"எப்படி?"

"அன்னிக்குக் காலையிலயே லத்தியில கொள்ளுத் தோலப் பாத்துட்டு உள்ள வந்து சொன்னாரு. கிளார்க்கு கொள்ளு வச்சிருக்கான்னாரு. எனக்குக் கோவம் வந்துச்சு. நான் கேக்கறேன்னு கெளம்பினேன். 'விடு. அது மூஞ்சியப் பாத்தா எனக்கே மனசு கேக்காது. நாலு நாள் தள்ளிப் போடுவோம், அவ்வளவுதான். அவன்கிட்ட கேட்டுடாத. கேட்டா தூங்கமாட்டான்'னாரு. அப்பதான் பாம்பு கடிச்சுதுன்னு ஆளு வந்துச்சு."

சுளையை எடுத்து என் கையில் வைத்தாள். "நான் அவருக்கு வாக்கு குடுத்தேன். அதான் இத்தன நாள் கேக்கல. நீங்களே சொல்லிட்டீங்க, அப்பறம் என்ன."

ஆக, உனக்குத் தெரியும். தெரிந்துதான் அதை நடக்கவிட்டாய். அந்த ரோட்டில் நான் உன்னிடம் சொன்னேனே, உனக்குக் குதிரைதான் பெரிது என்று. அப்போது நீ ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். "உன்னாலதான்டா." இரண்டு மைல் தூரமும் அது உன் வாயில் இருந்திருக்கிறது. சொல்லாமல் கயிற்றைத் தளர்த்தினாய்.

நான் தூங்கமாட்டேன் என்று நீ மறைத்தாய். நீ மறைத்தது தெரியாமல் நான் தூங்கவில்லை. இருவருமாகச் சேர்ந்து தங்கச்சியின் வாயையும் அடைத்தோம். இதைவிடச் சிரத்தையாக ஒரு அலுவலகம் கூட ஒரு கோப்பை மறைத்து வைத்திருக்க முடியாது. இப்போது தெரிந்துவிட்டது. இப்போதும் தூக்கம் வரவில்லை. காரணம்தான் மாறியிருக்கிறது.

இன்று காலை இரண்டாம் வாரம் ஆரம்பம். அந்தப் பெண் என்னைத் தெருவில் இறக்கினாள். சமதரை, பத்து நிமிடம். உடம்பு நன்றாக இருந்தது. இன்னும் ஒரு சுற்று போகலாமா என்று கேட்டேன்.

"வேணாம் சார். நல்லா இருக்கறப்ப நிறுத்தணும்."

நிறுத்தினேன். உனக்கு இப்படி யாரும் சொல்லவில்லை. சொல்லும் இடத்தில் நான்தான் இருந்தேன். நான் மந்திரியின் விலாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது அவள் என் வலது கையைப் பார்த்தாள்.

"கைய இறக்குங்க சார். எதையோ புடிச்சிருக்கற மாதிரியே வச்சிருக்கீங்க. தோள் வலிக்கும்."

பார்த்தேன். கை தாடை உயரத்தில் இருந்தது. விரல் பாதி மூடியிருந்தது. இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

"பழக்கம்மா," என்றேன். இறக்கினேன். வாசல் வருவதற்குள் அது மறுபடி ஏறிவிட்டது.